கன்னி... ஆனால் அம்மா!

விழுப்புரம் ஜங்ஷனைத் தெரியாத தமிழன் இருக்க முடியாது. ராத்திரி ரயிலில் தெற்கே போகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அரைத் தூக்கத்தில், "எந்த ஊரு சார் இது?" என்று கேட்டு, "விழுப்புரம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு மறுபடி போர்வைக்குள் போயிருப்பார்கள். திண்டிவனமும் கிட்டத்தட்ட அதே கேஸ்தான். ஒரு டீ, ஒரு பொட்டலம் வேர்க்கடலை, "ரைட், போலாம்!" பைபாஸ் வந்தபிறகு அந்த டீயும் போச்சு!

இந்த இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். மெயின்ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால், ஊர் முடிகிற இடத்துக்கும் அப்பால், ஏரிக்கரை ஓரத்தில் கொத்துக் கொத்தாகச் சில வீடுகள் தென்படும். பெரும்பாலும் அவை இருளர் குடியிருப்புகள்தான். 2021-ல் 'ஜெய்பீம்' படம் வந்ததே, அதில் காட்டப்பட்ட மக்கள். (படத்துக்கு அடிப்படையான நிஜ வழக்கு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவருடையது, திரையில் இருளர் கதையானது. அது வேறு விவாதம்.) தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு தனியாகப் பிரித்து வைத்திருக்கும் ஆறு பிரிவுகளில் இருளரும் ஒன்று.

அங்கே போய் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொடியனைக் காட்டி, "இது யாரு பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க புள்ளதான்" என்பார் ஒரு அம்மா. கொஞ்சம் துருவிக் கேட்டால் மெதுவாக விஷயம் வெளியே வரும். பெற்றவள் வேறு. அவள் செங்கல் சூளையில் இருப்பாள், அல்லது கரும்பு வெட்டப் போயிருப்பாள், அல்லது செத்துப் போயிருப்பாள். பையனுக்குச் சோறு போடுவது அத்தை, இல்லையென்றால் பெரியம்மா, அதுவும் இல்லையென்றால் ஆயா. (சென்னை ஆபீஸ்வாசிகளுக்கு ஒரு குறிப்பு: தென்னாற்காட்டுப் பக்கம் 'ஆயா' என்றால் பாட்டி. பிளே ஸ்கூலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அல்ல!)

"பெத்தவங்க இல்லாத பிள்ளையா?" என்று நாம் 'உச்' கொட்டினால் அவர்களுக்குப் பிடிக்காது. அநாதை என்ற வார்த்தையை அங்கே யாரும் சுலபத்தில் வாயில் எடுப்பதில்லை.

சாப்பாட்டுக்கே தாளம் போடுகிற வீட்டில் இன்னொரு வயிற்றையும் சேர்த்துக்கொள்கிற தெம்பு எங்கிருந்து வருகிறது? பாசம், ரத்தம், உறவு... எல்லாம் சரி. ஆனால் அவர்களிடமே கேட்டால் பேச்சு எப்படியும் ஒரு பெயரில் வந்துதான் நிற்கும். கன்னியம்மா!

ஏழு கல்லும் ஒரு வேப்பமரமும்

உங்கள் சொந்த ஊர் ஏரிக்கரையில்கூட ஏழு கல்லை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருப்பார்கள். சப்த கன்னியர், ஏழு கன்னிமார் என்று சொல்வார்கள். நாம் பைக்கில் போகிறபோது ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். இருளர்களுக்கு அது போகிற வழியில் வருகிற சாமி இல்லை. வீட்டுச்சாமி, குலச்சாமி, கோர்ட்டு, டாக்டர் எல்லாமே அதுதான். நாகத்தோடு சேர்த்துப் பேசப்படும் தெய்வம். பாம்புப் புற்றுக்கும் வயல் வரப்புக்கும் நடுவிலேயே காலங்காலமாகப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடைக்குமா, என்ன?

பெரிய கோபுரம், மணி, அர்ச்சனைச் சீட்டு எதுவும் கிடையாது. வேப்பமரத்தடி போதும். பூசை செய்ய வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அவர்களில் ஒருவருக்கே அருள் வரும். அருள் வந்தவர் குறி சொல்வார். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு விபூதி போடுவதிலிருந்து, காணாமல் போனவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்பது வரைக்கும் கேள்வி அங்கேதான் போகும்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். கன்னி... அம்மா. கன்னி என்றால் பிள்ளை பெறாதவள். ஆனால் அம்மா! ஒரு பிள்ளைகூடப் பெறாமல் மொத்த சனத்துக்கும் தாயானவள். இது நாம் கண்டுபிடித்த அர்த்தம்தான். அவர்கள் யாரும் இப்படி உட்கார்ந்து பதவுரை சொல்வதில்லை. ஆனாலும், தான் பெறாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கல் முன்னால் நிற்கிற பெண்ணுக்கு, எதிரே இருப்பதும் தன்னைப் போல ஒருத்திதான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு பிள்ளை ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போனால் முதல் சிக்கலே குலதெய்வம்தான். மொட்டை எந்தக் கோயிலில்? அப்பா வழியா, வளர்த்தவர் வழியா? பெரியப்பா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார், கடைசியில் பிள்ளைக்கு முடி தோள்வரைக்கும் வளர்ந்துவிடும். இருளர் வீடுகளில் பெரும்பாலும் இந்தத் தகராறே இல்லை. எந்தக் குடிசைக்கு மாறினாலும் சாமி மாறுவதில்லை. அம்மா போன பிள்ளைக்கு ஆயிரம் மாறியிருக்கும்... சாப்பாட்டு ருசி, படுக்கிற மூலை, கூப்பிடுகிற குரல்! மாறாத ஒன்று அந்த ஏழு கல். வளர்க்கிறவர்களுக்கும் அது ஒரு பிடிமானம். 'நான் ஒருத்தி மட்டும் இதைச் சுமக்கவில்லை' என்கிற தைரியம். யாருக்கோ தர்மம் பண்ணுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போவதும் இதனால்தான். கன்னியம்மா பிள்ளையை, கன்னியம்மா பிள்ளை வளர்க்கிறது. கணக்கு தீர்ந்தது.

கோபித்துக்கொண்டு போன அம்மா

வருஷத்துக்கு ஒருநாள் மொத்தக் கணக்கும் கடற்கரையில் பைசல் ஆகும். மாசி மகம், பௌர்ணமி. இடம், மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற அதே மாமல்லபுரம்தான். விழுப்புரம், கடலூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை என்று வட மாவட்டங்களிலிருந்தெல்லாம் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் இறங்குவார்கள். நாலு குச்சி நட்டு, மேலே ஒரு புடவையைக் கட்டினால் வீடு ரெடி. அட்வான்ஸ் இல்லை, புரோக்கர் கமிஷன் இல்லை!

கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுகிறாளாம். அவளைச் சமாதானப்படுத்தி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் இந்தப் பயணம் என்கிறார்கள். விடியற்காலையில் ஈர மணலில் படி கட்டி, பூவும் பழமும் தேங்காயும் வைத்து, அலையைப் பார்த்து அழைப்பார்கள். சிலருக்கு அருள் வரும். ஒருபக்கம் கல்யாணம் நடக்கும். இன்னொரு பக்கம் மொட்டையும் காதுகுத்தும் நடக்கும்.

வளர்ப்புப் பிள்ளைக்கு அந்த மணல்தான் சான்றிதழ். மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, நாலு மாவட்டத்துச் சனம் பார்க்க, 'இது நம்ம புள்ள' என்று ஆகிவிட்ட பிறகு அவனை யாரும் வந்தேறி என்று சொல்ல முடியாது. பெற்றவர்கள் இல்லாவிட்டாலும் மாமன் முறைக்கு ஒருத்தர், அத்தை முறைக்கு ஒருத்தர் அங்கே கிடைத்துவிடுவார். அந்த ஒரு நாளில் பிள்ளைக்கு உறவுக்காரர்கள் எத்தனை பேர் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

போன அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவதற்கென்றே ஒரு திருவிழா! அதை அம்மா இல்லாத ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்ப்பதை நினைத்தால் நமக்கே என்னவோ செய்கிறது.

பேப்பர் எங்கே?

சரி, பக்தி போதுமா? போதாது! இங்கேதான் நிஜ உலகம் குறுக்கே வருகிறது.

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "சாதிச் சான்றிதழ் இருக்கா?" பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். விண்ணப்பத்தோடு அப்பா, அம்மாவின் சான்றிதழைக் கேட்பார்கள். அப்பாவுக்கே சான்றிதழ் இல்லை. அவர் உயிரோடும் இல்லை. "நான் வளர்க்கிறேன் சாமி" என்று ஒரு ஆயா சொன்னால் அதை எந்த ஃபாரத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடற்கரையில் நூறு பேர் சாட்சி உண்டு. ஆபீஸில் ஒரு ஜெராக்ஸ் இல்லை.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி என்று ஒருவர். அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தியவர். 1993-ல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவருக்குப் போலீஸ்காரர்களால் நேர்ந்த கொடுமையைக் கையில் எடுத்துப் போராடியதிலிருந்து இந்த மக்களோடு நிற்கிறார். 'பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம்' என்று தனி அமைப்பே உருவானது. பொய் வழக்கு, கொத்தடிமை மீட்பு, பட்டா, சான்றிதழ், பள்ளிக்கூடம்... இதுதான் அந்தச் சங்கத்தின் அன்றாட வேலை. கன்னியம்மா தராத பேப்பரை இவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி வாங்கித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சட்டம் சுத்தமாகக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தத்து வேறு, இது வேறு. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. இதில் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு ஒரு குடும்பத்திடம் பிள்ளையை ஒப்படைக்கும். பெற்றவர் நிலைமை சீரானால் திரும்பிப் போகலாம். தம்பதிகளுக்கு மட்டும்தான் என்றிருந்ததை 2024-ல் மாற்றி, தனியாக வாழ்கிறவர்களும் வளர்க்கலாம் என்று கொண்டுவந்தார்கள். புருஷன் இல்லாத அத்தைகளுக்கு நல்ல சேதி. 2022-ல் வந்த 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இப்படி வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி இருக்கிறது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் 'அன்புக்கரங்கள்' என்று மாதம் 2,000 ரூபாய்த் திட்டம் ஒன்றை, பெற்றோரை இழந்து உறவினர் நிழலில் வளரும் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது.

எல்லாம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்களே... நமக்கே ஹோம் லோனுக்கு அதைப் பார்த்தால் ஜுரம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா என்ன செய்வார்? திருநீறு பூசிவிட்டு, "அவ பார்த்துக்குவா" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

நாலாயிரமும் அங்கேயே நின்றுவிடும்.

அடகு வைத்த பிள்ளை

பிள்ளை 'வேறு வீட்டில்' இருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. எழுதவே கை கூசுகிறது. வாங்கின முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை முதலாளியிடம் விட்டுவிட்டு வருவது! ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க. குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். ஆனால் 2025 மே மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஆந்திராவைச் சேர்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, 25,000 ரூபாய்க் கடனுக்காக ஒன்பது வயது மகனை வாத்து மேய்க்கிறவரிடம் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. பணத்தைப் புரட்டிக்கொண்டு தாய் திரும்பி வந்து கேட்டபோது பிள்ளை இல்லை. காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் புதைத்திருந்த உடலைப் போலீஸார் தோண்டி எடுத்தார்கள்.

அத்தை வீட்டுத் திண்ணையில் வளர்கிற பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவே இருக்கிற தூரம் ரொம்பப் பெரியதில்லை, சார். ஒரு 'பார்த்துக்கொள்ள ஆள் இருக்கு' என்பதுதான் அந்தத் தூரம். அந்த ஆளை நிற்கவைப்பது எது என்பதை அரசாங்கம் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் ஆயாதான்!

இந்தப் பாடத்தைப் பணக்கார நாடுகள் அடி வாங்கிப் படித்தன. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகள் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. சாமி கும்பிட்டால் பாவம். 'பாட்லாட்ச்' என்ற பழங்குடிச் சடங்குக்கு 1885-லிருந்து 1951 வரை சட்டப்படியே தடை. ஆஸ்திரேலியாவிலும் இதே கூத்து. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் 2008-ல் பார்லிமென்ட்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் கனடாவின் 2021 கணக்கெடுப்பைப் பாருங்கள். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களில் பழங்குடிப் பிள்ளைகள் 7.7 சதவிகிதம்தான். வளர்ப்பு வீடுகளில் இருக்கிற பிள்ளைகளிலோ 53.8 சதவிகிதம்!

அதனால்தான் அங்கே இப்போது பழங்குடி வளர்ப்புப் பெற்றோரைத் தேடுகிறார்கள். பிள்ளைக்குத் தனி ரூம் தருவதைவிட, மூலிகைப் புகை போட்டுப் பெரியவர்களோடு உட்காரவைத்துப் பிரார்த்தனை பண்ணக் கற்றுத்தருகிற வீடு முக்கியம் என்ற பேச்சு வந்திருக்கிறது. (சாம்பிராணி மாதிரிதான். 'சேஜ்' என்று ஒரு மூலிகை.) அமெரிக்கா 1978-ல் ஒரே வருஷத்தில் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, செவ்விந்தியர்கள் தங்கள் சாமியைக் கும்பிடும் சுதந்திரத்துக்கு. இன்னொன்று, அவர்கள் பிள்ளைகளை வளர்ப்பதற்கு. ரெண்டாவது சட்டப்படி பிள்ளைக்கு வீடு தேடும்போது முதல் உரிமை சொந்தக்காரர்களுக்கு. அந்த வீட்டை எடைபோட வேண்டியது வெள்ளைக்காரர் அளவுகோலால் அல்ல, அந்தப் பழங்குடியின் அளவுகோலால் என்றும் எழுதியிருக்கிறது. 2023-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்குப் போய், சட்டம் தாக்குப்பிடித்துவிட்டது.

இங்கே அந்த அளவுகோல் எது? ஓலைக் கூரை, மண் தரை, கழிப்பறை இல்லை என்று டிக் அடித்துக்கொண்டே போனால் எந்த இருளர் வீடும் பாஸாகாது. 'பிள்ளையின் சாமியும் வளர்ப்பவர் சாமியும் ஒன்றா? மாசி மகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவார்களா? அங்கே அவனுக்கு மாமன் யார்?' என்று மூன்று கேள்வி சேர்த்தால் ரிசல்ட்டே வேறு மாதிரி வரும். பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த மூன்றாவது கேள்வியில் தெரிந்துபோகும்.

அதற்காகக் கடற்கரையில் நடப்பதெல்லாம் தேன், பால் என்று நாம் சொல்ல வரவில்லை. வளர்ப்புப் பெண்ணுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணம் பண்ணிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பதினாறு வயசுக் கல்யாணத்தைக் கன்னியம்மா முன்னால் பண்ணினாலும் குற்றம் குற்றமே. வீட்டில் பணமுடை வந்தால் படிப்பை நிறுத்திவிட்டு முதலில் வேலைக்குப் போவதும் பல இடங்களில் அந்த வளர்ப்புப் பிள்ளைதான். சாமி பயம் இதையெல்லாம் தடுத்துவிடும் என்றால் சட்டமே தேவைப்பட்டிருக்காது. அதே சமயம், சாமியே இல்லாத ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் சுத்த அபத்தம்.

ஹாஸ்டல் என்றதும் ஒரு விஷயம். இருளர் பிள்ளைகள் பலர் இப்போது விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். படிக்கட்டும், நல்லது. ஆனால் மாசி மகம் வருவது பிப்ரவரி - மார்ச்சில். திருப்புதல் தேர்வும் பொதுத்தேர்வும் நெருங்குகிற நேரம். வார்டன் லீவு தருவாரா?

நாம் கிரிக்கெட் மேட்ச் பார்க்க ஒரே தாத்தாவை மூன்று தடவை சாகடித்தவர்கள். ஹெட்கிளார்க்கும் ஒவ்வொரு தடவையும் துக்கம் விசாரித்துவிட்டு லீவு தந்தார். பத்து வயசுப் பையன் ஒருத்தன், 'எங்க அம்மா கோச்சிக்கிட்டு கடலுக்குப் போயிட்டாங்க. கூட்டிட்டு வரணும். ஆயா பஸ் ஸ்டாண்டுல நிக்கிது. ரெண்டு நாள் லீவு வேணும்' என்று உண்மையை எழுதிக் கொடுத்தால், அந்த லெட்டரை எந்த ஃபைலில் வைப்பார்கள்?